குழவி மட்டும் விமானம் ஏறியது: புலம்பெயர்ந்தவரின் தன்வரலாற்றை எப்படி வாசிப்பது

நீலகிரி மாவட்டத்துப் பந்தலூர் கடைவீதியில் எனக்கு ஒரு தையல் கடை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஆறேழு பேர் உள்ளே உட்கார்ந்து புத்தகம் வாசிப்போம். ஒருவர் சத்தமாக வாசிப்பார். மற்றவர்கள் ஹெம்மிங் அடிப்பார்கள், கொக்கி தைப்பார்கள், காஜா எடுப்பார்கள். நாலு வருஷமாக நடக்கிறது. வேறு நாட்டுக்குப் போய்ப் பிழைத்தவர்கள் எழுதிய தன்வரலாறுகளைத்தான் நாங்கள் அதிகம் வாசித்திருக்கிறோம். அந்த மாதிரிப் புத்தகம் எப்படி வாசித்தால் மனசில் ஒட்டும், எப்படி வாசித்தால் ஒட்டாமல் போகும் என்பது இத்தனை நாளில் எனக்கு ஓரளவு பிடிபட்டிருக்கிறது. தனியாக வாசிப்பவர்களுக்கும் இது உதவும் என்று நினைக்கிறேன்.

முதலில் நாங்கள் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். முதல் புத்தகம், தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து 1970களில் கனடாவுக்குப் போன ஒரு பெண்மணி எழுதியது. முன்னுரையில் ஆரம்பித்தோம். அப்புறம் தாத்தா கதை, வீட்டு அமைப்பு, ஊர்க் கோயில் என்று வரிசையாகப் போனோம். மூன்று வாரம் ஆகியும் யாருக்கும் உள்ளே போக முடியவில்லை. "இது வசதியானவங்க கதைக்கா, நமக்கு இதுல என்ன இருக்கு?" என்று ஒரு தங்கை கேட்டாள். எனக்கும் பதில் தெரியவில்லை. நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தோம்.

நாலாவது வாரம், மழை பிடித்துக்கொண்டு யாரும் வீட்டுக்குக் கிளம்ப முடியாத ஒரு சாயங்காலம், நடுவில் புரட்டி ஒரு பக்கத்தை வாசித்தேன். கிளம்புகிற அன்றைக்கு அந்தப் பெண்மணியின் அம்மா, அம்மிக் குழவியைப் பழைய வேட்டியில் சுற்றிப் பெட்டிக்குள் வைக்கிறார். அம்மி கனம், கொண்டுபோக முடியாது. "கல்லு இல்லாத ஊரு உண்டா? குழவி இருந்தாப் போதும்" என்கிறார் அம்மா. கனடா விமான நிலையத்தில் அதிகாரி அதைத் தூக்கிப் பார்த்து என்ன என்று கேட்கிறார். இவருக்கு இங்கிலீஷில் சொல்லத் தெரியவில்லை. இரண்டு கையையும் மேஜை மேல் வைத்து, முன்னும் பின்னும் அரைத்துக் காட்டுகிறார். நாலே வரி, அவ்வளவுதான். வாசித்துவிட்டு நிமிர்ந்தால் கடைக்குள் ஊசி ஓடவில்லை. எல்லோர் கையும் நின்றிருந்தது.

அதனால் நான் சொல்லும் முதல் காரியம், ஒரு சாமானைப் பிடித்துக்கொள்ளுங்கள். முன்னுரையை விடுங்கள், அட்டையில் இருக்கிற பாராட்டுகளை விடுங்கள். முதல் அத்தியாயத்தையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஊரைவிட்டுக் கிளம்புகிற இடத்தைத் தேடிப் போங்கள். அங்கே பெட்டிக்குள் என்ன போகிறது, என்ன போகவில்லை என்று பாருங்கள். ஆசிரியரே பத்துப் பக்கம் உருகி எழுதிய சாமான் பெரும்பாலும் நமக்கு உதவாது. அதில் அவருடைய உருக்கம்தான் நிறைந்திருக்கும். போகிற போக்கில் ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துபோகிற சாமானில்தான் நாம் நுழைவதற்கு இடம் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு, நம் வீட்டில் அதற்கு ஈடாக என்ன இருக்கிறது என்று தேட வேண்டும்.

என் வீட்டில் இருப்பது ஒரு சிங்கர் கைமிஷின். 1976ல், இலங்கை மலைநாட்டில் தேயிலைத் தோட்டங்கள் இருக்கிற தலவாக்கலையிலிருந்து வந்தது. எனக்கு அப்போது ஆறு வயது. தலவாக்கலையில் ரயில் ஏறி, பொல்காவலையில் மாறி, அனுராதபுரம் வழியாகத் தலைமன்னார், அங்கிருந்து ராமானுஜம் கப்பலில் ராமேஸ்வரம், மண்டபம் முகாம், பிறகு ரயிலும் பஸ்ஸுமாக மேட்டுப்பாளையம், ஊட்டி, கூடலூர் என்று எங்கள் குடும்பம் வந்த வழி முழுக்க அந்த மிஷின் கூடவே வந்தது. அம்மா அதன் தலையைக் கம்பளியில் சுற்றி, மேலே கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்கை வைத்துக் கட்டியிருந்தார். மரப்பெட்டியின் அடியில் எங்கள் குடும்ப அட்டை எண்ணை வெள்ளை பெயின்டில் அப்பா எழுதினார். இன்றைக்கும் பாதி எண் தெரிகிறது. கைச்சக்கரத்தின் ஓரத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு சொட்டை உண்டு. மண்டபத்தில் இறக்கும்போது விழுந்தது என்று அம்மா சொல்வார். சுற்றும்போது அந்த இடம் வரும்போதெல்லாம் உள்ளங்கையில் லேசாகத் தட்டும். இத்தனை வருஷம் அதில் எத்தனையோ ஜாக்கெட் தைத்திருக்கிறேன். குழவிப் பக்கத்தை வாசித்த அன்றைக்கு ராத்திரிதான் முதல்முறையாக அந்தச் சொட்டையை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

புத்தகத்தோடு ஒட்டுவது என்றால் என்ன என்று யாராவது கேட்டால் எனக்குத் தெரிந்தது அதுதான். அந்தப் பெண்மணியை நான் பார்த்ததில்லை. கனடாவும் தெரியாது. ஆனால் அவர் குழவியைப் பற்றி எழுதியதால் என் மிஷின் எனக்குத் தெரிய வந்தது.

அடுத்தது சொற்கள். புலம்பெயர்ந்தவர்கள் எழுதினால் நடுவில் நமக்குப் புரியாத சொல் வரும். தாண்டிப் போய்விடாதீர்கள். அந்தச் சொல்லைப் பேசியதற்காக அவர்கள் எங்கேயோ சிரிப்புக்கு ஆளாகியிருப்பார்கள். அப்படியும் விடாமல் எழுத்தில் வைத்திருக்கிறார்கள் என்றால் அதற்குக் காரணம் இருக்கும். இதை நான் உறுதியாகச் சொல்வதற்கு ஒரு நாள் நடந்தது காரணம். கொளப்பள்ளிப் பக்கம் எங்களைக் குடிவைத்த முதல் மாதம், அம்மா என்னைக் கடைக்கு அனுப்பினார். "அரை றாத்தல் பாண் தாங்க" என்று கேட்டேன். தலவாக்கலையில் ரொட்டிக்கடை ரொட்டிக்கு அதுதான் பெயர். கடைக்காரர் "பானா? வெத்தலக் கடைக்குப் போ பாப்பா" என்றார். நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் காசைக் கையில் இறுக்கிக்கொண்டு ஓடிவந்துவிட்டேன். அன்றிலிருந்து அந்தச் சொல்லை வெளியில் சொன்னதில்லை. தேநீருக்கான தேத்தண்ணியும், காய்கறிக்கான மரக்கறியும், குடியிருக்கும் அறைக்கான காம்பராவும் இப்படித்தான் ஒவ்வொன்றாக வீட்டுக்குள் போயின. பள்ளிக்கூடத்தில் ஒருவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் "ஏய் சிலோன்" என்றே ஐந்தாம் வகுப்பு முடியும்வரை கூப்பிட்டார்.

ஆகவே புரியாத சொல் வந்தால் எங்கள் வட்டத்தில் நிறுத்திவிடுவோம். அதற்கு அர்த்தம் தேடுவதைவிட முதலில் ஒரு கேள்வி கேட்போம்: இதுபோல நீ சொல்வதை நிறுத்திய சொல் எது? ஒருமுறை கோட்டயம் பக்கத்திலிருந்து வந்து இங்கே காடு திருத்திய குடும்பத்துச் சேச்சி, தன் அப்பா சொல்லும் சொற்களாகப் பதினொன்றைச் சொன்னார். அன்று புத்தகம் ஒன்றரைப் பக்கம்தான் நகர்ந்தது. பரவாயில்லை.

மூன்றாவதாக வினைச்சொல்லைக் கவனியுங்கள். இது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. கனடாப் பெண்மணி "போனேன்" என்று எழுதுகிறார். வளைகுடாவுக்குப் போன ஒருவர் தன் புத்தகத்தில் முதல் பாதி முழுக்க "போய்ச் சேர்ந்தேன்" என்கிறார், பின்பாதியில் "மாட்டிக்கொண்டேன்" என்கிறார். போரில் தப்பியவர் "வெளிக்கிட்டோம்", அதாவது கிளம்பினோம், என்று எழுதுகிறார். யார் செய்தார்கள், யாருக்குச் செய்யப்பட்டது என்பது அந்த ஒரு சொல்லிலேயே இருக்கும். பென்சிலை எடுத்து அத்தியாயத்துக்கு ஒரு வினைச்சொல்லை மட்டும் வட்டம் போட்டுக்கொண்டு போங்கள். கடைசியில் அந்த வட்டங்களை மட்டும் வரிசையாக வாசித்தால் ஆசிரியர் வாய்விட்டுச் சொல்லாத ஒரு கதை கிடைக்கும்.

எங்களுக்கு அரசாங்கம் கொடுத்த பெயர் "தாயகம் திரும்பியோர்". நான் நாற்பது வயது வரைக்கும் அந்தச் சொல்லை யோசித்ததே இல்லை. அம்மா தலவாக்கலையில் பிறந்தவர். அம்மாவின் அப்பாவும் அங்கே லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளிகளின் வரிசை வீட்டில், பிறந்தவர். அவருக்கு முந்தின தலைமுறையில் யாரோ மன்னார்க் கரையில் இறங்கி மலைக்கு நடந்து போயிருக்கிறார்கள். 1948ல் இலங்கையில் வந்த குடியுரிமைச் சட்டத்தால் எங்கள் ஆட்களுக்கு எந்த நாடும் இல்லாமல் போனது. 1964 அக்டோபர் 30ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள்: 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது. மீதம் இருந்த 1,50,000 பேரை 1974ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இதில் யார் திரும்பினார்கள்? அம்மா ஒருநாளும் பார்த்திராத ஊருக்கு எப்படித் திரும்ப முடியும்? அம்மா பேச்சில் "திரும்பினோம்" என்று வந்ததே கிடையாது. "ஏத்தி விட்டாங்க" என்றுதான் சொல்வார். வட்டம் போட வேண்டிய வினைச்சொல் என் வீட்டிலேயே இருந்திருக்கிறது. கனடாக்காரரின் "போனேன்" எதிரில் வந்து நின்ற பிறகுதான் அது என் காதில் விழுந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஒட்டுதல் வந்துவிட்டால் "எங்க கதையும் இதேதான்" என்று சொல்லத் தோன்றும். சொல்லாதீர்கள். அவர் விருப்பப்பட்டுப் போனவர், கணவருக்கு வேலை இருந்தது, திரும்பி வர நினைத்தால் டிக்கெட் எடுக்கலாம். என் அம்மாவுக்கு அது எதுவும் இல்லை. அதே நேரத்தில், பேச்சுத் துணைக்கு ஒரு ஆள்கூட இல்லாத முதல் பனிக்காலத்தை அவர் எழுதியிருக்கிறார். என் அம்மாவைச் சுற்றி ஒரு லயமே கூட வந்தது. அந்தத் தனிமை அம்மாவுக்குத் தெரியாது. இரண்டையும் ஒன்றாக்கினால் இரண்டு பேருக்கும் அநியாயம். இதற்காக எங்கள் வட்டத்தில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். யாராவது "எங்க வீட்டுலயும்" என்று ஆரம்பித்தால், முடிக்கும் முன்னால் ஒரு "ஆனா" சொல்லியாக வேண்டும். "எங்க வீட்டுலயும் அம்மாதான் பெட்டி கட்டினாங்க, ஆனா என்னென்ன எடுத்துட்டுப் போகலாம்னு சுங்கத்துக்காரங்க சொன்னதத்தான் கட்டினாங்க." இந்த "ஆனா"வுக்குப் பிறகு வருவதுதான் நம்முடைய சரக்கு. அதைத்தான் எழுதி வைக்க வேண்டும். தனியாக வாசிக்கிறவர்கள் ஒரு நோட்டில் இடது பக்கம் புத்தகத்தின் பக்க எண்ணையும், வலது பக்கம் அந்த "ஆனா" வரியையும் எழுதினால் போதும். நீளமாக எழுத வேண்டாம்.

எங்கள் வட்டத்துக்கு ஒரு பணியர் அக்கா வருவார். பணியர் இந்தப் பக்கத்துப் பழங்குடிகள். ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வந்தவர், வாசிப்பதைக் கேட்டுவிட்டு உட்கார்ந்தார், அப்புறம் வாரா வாரம் வர ஆரம்பித்துவிட்டார். அதிகம் பேச மாட்டார். கனடாப் புத்தகம் முடியப் போகிற சமயம், நாங்கள் எல்லோரும் அவரவர் வீட்டார் வந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தோம். இந்த ஊரில் அதற்குக் குறைவே இல்லை. 1880 வாக்கில் தங்கம் தோண்ட வெள்ளைக்காரர்கள் வந்து இறங்கிய ஊர் இது. பிறகு எஸ்டேட்டுகள், திருவிதாங்கூர்ப் பக்கத்துக் குடும்பங்கள், 1968க்கு அப்புறம் அரசுத் தேயிலைத் தோட்டத்துக்காக எங்களைப் போன்றவர்கள். எல்லாம் கேட்டுவிட்டு அந்த அக்கா கேட்டார்: "நீங்க எல்லாரும் எங்கேருந்து வந்தோம்னு சொல்றீங்க. வந்து எறங்குன எடத்துல யாரு இருந்தாங்கன்னு அந்தப் புஸ்தகத்துல இருக்கா?"

யாருக்கும் பேச்சு வரவில்லை. அடுத்த வாரம் இதற்காகவே புத்தகத்தைத் திரும்பப் புரட்டினோம். முந்நூறு பக்கத்தில் கனடாவின் பூர்வகுடிகளைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. அதுவும் கடையில் விற்கிற கைவினைப் பொருளைப் பற்றி. எழுதியவர் நல்லவர்தான், கெட்ட மனசு இல்லை. ஆனால் அவர் கண்ணில் படவில்லை. எங்கள் கண்ணில் மட்டும் பட்டதா? எங்கள் லயத்துக்குக் கீழே வயலோரம் இருந்த பணியர் குடியைப் பற்றி என் அம்மா சொன்ன கதைகளில் எத்தனை வரி இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். ஒரு மழைக்காலத்தில் காட்டுக்கீரை எது, விஷக்கீரை எது என்று ஒரு பாட்டி அம்மாவுக்குக் காட்டிக் கொடுத்தாராம். அந்த ஒன்று மட்டும்தான். அந்தப் பாட்டியின் பெயர் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அதற்குப் பிறகு எந்தப் புலம்பெயர் நூலை எடுத்தாலும் நாங்கள் அந்தக் கேள்வியோடுதான் எடுக்கிறோம். நீங்களும் எடுங்கள். வந்தவரோடு மட்டும் ஒட்டிக்கொண்டு வாசித்தால் பாதிதான் தெரியும்.

இனி, புத்தகத்தை மூடிய பிறகு செய்ய வேண்டியது. உங்கள் வீட்டில் இன்னும் உயிரோடு இருக்கும் மூத்தவரிடம் போங்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம். என் அப்பாவிடம் நான் ஒன்றுமே கேட்கவில்லை. 2009ல் போய்விட்டார். கடைசி இரண்டு வருஷம் கண் தெரியாமல் திண்ணையில் உட்கார்ந்தே இருந்தார். கேட்டிருந்தால் பேசியிருப்பார். எனக்குக் கடை இருந்தது, தீபாவளி ஆர்டர் இருந்தது.

போகும்போது பொதுவான கேள்வியைக் கொண்டுபோகாதீர்கள். "அப்ப எப்படி இருந்துச்சு?" என்றால் "என்னத்த சொல்ல, கஷ்டம்தான்" என்று முடிந்துவிடும். புத்தகத்தில் உங்களைப் பிடித்து நிறுத்திய பக்கத்தை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். பிறகு வாயைத் திறக்காமல் இருங்கள். அப்படியும் பேச்சு வரவில்லை என்றால் கையால் தொடக்கூடிய ஒன்றைப் பற்றிக் கேளுங்கள். பெட்டியில் கடைசியாக வைத்தது எது, கப்பலில் என்ன சாப்பிட்டீர்கள், கதவை யார் பூட்டினார்கள், சாவியை யாரிடம் கொடுத்தீர்கள். போனில் ரெக்கார்டு பண்ணுவதாக இருந்தால் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். ஒளித்து வைத்துப் பதிவு பண்ணக் கூடாது.

அப்பாவின் தங்கை, என் அத்தை, சேரம்பாடியில் இருக்கிறார். எழுபத்தேழு வயது. குழவிப் பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு போய் அவருக்கு வாசித்தேன். அடுப்பில் தேத்தண்ணி கொதித்துக்கொண்டிருந்தது. வாசித்து முடித்ததும், "நீங்க கடைசியா என்ன அத்தே எடுத்து வெச்சீங்க?" என்று கேட்டேன்.

"வெக்கல புள்ள. தண்ணி ஊத்துனேன்."

"எதுக்கு?"

"லயத்துக்குப் பின்னால போஞ்சி போட்டிருந்தேன். அப்பத்தான் பூ வெச்சிருந்துச்சு. விடிஞ்சா லாரி வருதுன்னு தெரியும். அந்தியில போயி நாலு வாளி தண்ணி மொண்டு ஊத்திட்டு வந்தேன். ஒங்க அப்பன் பாத்துட்டு ஒன்னும் சொல்லல. அவனும் ஒரு வாளி தூக்கிட்டு வந்தான்."

போஞ்சி என்றால் பீன்ஸ். அப்பா வாளி தூக்கிக்கொண்டு போன இந்தக் காட்சி நாற்பத்தொன்பது வருஷம் அத்தையிடம் இருந்திருக்கிறது. நான் பக்கத்து ஊரில்தான் இருந்தேன். பஸ்ஸில் போனால் ஒரு மணி நேரம்கூட ஆகாது.

"அந்தப் போஞ்சிய யாரு அத்தே பறிச்சிருப்பா?"

"பக்கத்துக் காம்பராக்காரிக்குத்தான் சொல்லிட்டு வந்தேன். அவளுக்கும் அடுத்த மாசம் லிஸ்ட்ல பேர் வந்துருச்சாம்."

மூத்தவர்கள் அழுதால் நிறுத்திவிடுங்கள். அன்றைக்கு அவ்வளவுதான் என்று எடுத்துக்கொண்டு வேறு பேச்சு பேசுங்கள். மூத்தவர்கள் யாருமே இல்லாத வீடு என்றால், பழைய அட்டை, கடிதம், பாஸ்போர்ட், பாத்திரத்தில் வெட்டிய பெயர் என்று ஏதாவது ஒன்று இருக்கும். அதை மேஜை மேல் வைத்துக்கொண்டு புத்தகத்தின் அந்த அத்தியாயத்தைச் சத்தமாக வாசியுங்கள். கேட்பதற்கு பைத்தியக்காரத்தனமாக இருக்கலாம். எங்கள் வட்டத்தில் இரண்டு பேருக்கு அப்படித்தான் நினைவு வந்தது. மனசுக்குள் வாசிக்கும்போது கண் தாண்டிப் போய்விடுகிற இடத்தில் வாய் தடுக்கி நிற்கும். எங்கே தடுக்குகிறதோ அங்கே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு புத்தகத்துக்கு எவ்வளவு காலம் என்று கேட்பார்கள். எங்களுக்குக் கனடாப் புத்தகம் ஏழு மாதம் ஆனது. நூலகத்தில் திரும்பத் திரும்பப் புதுப்பித்துக்கொண்டே இருந்தோம். வேகமாக முடித்த புத்தகம் ஒன்றுகூட எங்கள் நோட்டில் இல்லை.

அத்தை வீட்டிலிருந்து கிளம்பும்போது வாசல்வரை வந்தார். செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன்.

"அந்தப் புள்ள குழவிய மட்டும் கொண்டு போச்சே, அங்கன அம்மி கெடச்சுதா?"

"புஸ்தகத்துல அதப் பத்தி மறுபடி வரலை அத்தே."

"கடைசி வரைக்கும் பாத்தியா?"

"பாத்தேன்."

"இன்னொருவாட்டி பாரு" என்றார். "கொண்டு போனவ தூக்கிப் போட்டிருக்க மாட்டா."